காற்றுக்கு உவமை: காற்றாலைகளும் கணினி ஒப்புருவாக்கமும்

தமிழ்நாட்டின் தென்கோடியில், மேற்குத் தொடர்ச்சி மலை முடிவுறும் இடத்தருகே ஆரல்வாய்மொழிக் கணவாய் உள்ளது. ஊரின் பெயரிலேயே ‘வாய்’ அமைந்திருக்கிறது. அதற்கேற்ப அது காற்றின் வாயாகவும் விளங்குகிறது. ஆண்டுதோறும் மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கடந்து வந்து மலையில் மோதுகிறது. இடைவெளி கிடைத்த இடத்தில் நெருங்கி, விரைவு பெற்று, கிழக்கே பாய்கிறது. கணவாயை ஒட்டிய முப்பந்தலிலும், அதற்கு அப்பால் திருநெல்வேலி மாவட்டத்துப் பணகுடி, இராதாபுரம் பகுதிகளிலும் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதற்கு இதுவே காரணம். முப்பந்தல் பண்ணையின் நிறுவுதிறன் மட்டும் ஏறத்தாழ 1,500 மெகாவாட்.

நெடுஞ்சாலையில் செல்லும் பயணியின் கண்ணுக்கு அவை யாவும் ஒன்றுபோலச் சுழலும். வேறுபாட்டைக் காண வேண்டுமாயின் ஒவ்வொன்றின் மின்னளவியையும் பார்க்க வேண்டும். முதல் வரிசையில் நிற்பது முழுக்காற்றை வாங்குகிறது. அதன் நேர்பின்னே நிற்பதோ, முன்னது பயன்படுத்தி விட்டுவிட்ட காற்றை வாங்குகிறது. இரண்டும் ஒரே விலைக்கு வாங்கிய எந்திரங்களாக இருக்கலாம்; ஒரே ஆண்டில் நடப்பட்டவையாக இருக்கலாம்; ஆனால் ஈட்டும் மின்சாரம் வேறு. முன்னது ஒருவருக்கும் பின்னது இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கும்போது இந்த வேறுபாடு இயற்பியலோடு நின்றுவிடாமல் அண்டை வீட்டார் வழக்காகவும் ஆகிறது.

மொழியியல் பயின்ற ஒருவன் இதைப் பேசுவானேன், அதுவும் மலாக்காவில் பேசுவானேன் என்று கேட்கலாம். நம் மாநிலத்தில் காற்றாலை மின்சாரத்துக்கு வாய்ப்புக் குறைவு என்பது உண்மையே. ஆற்றங்கரையில் டச்சுச் சதுக்கத்தருகே நிற்கும் காற்றாலை சுற்றுலாப் பயணிகளின் படத்துக்காக நிற்கிறது. மலாக்காவில் தரையையொட்டி வீசும் காற்றின் ஆண்டுச் சராசரி நொடிக்கு 3 மீட்டரையும் எட்டுவதில்லை. பெரிய காற்றாலைகள் சுழலத் தொடங்குவதே ஏறத்தாழ அந்த வேகத்தில்தான். 2007இல் திரங்கானு கடலில் உள்ள பெர்ஹெந்தியான் தீவில் 100 கிலோவாட் திறன் கொண்ட காற்றாலைகள் இரண்டு நிறுவப்பட்டன. அத்தகைய முயற்சிகள் கிழக்குக் கரைக்கே பொருந்தும். ஆயினும் நம் பள்ளிகளின் அறிவியல் பாடத்தில் காற்றாலையும் வருகிறது, கணினி வழி ஒப்புருவாக்கமும் வருகிறது. இரண்டாவதற்கு நாம் வழங்கும் தமிழ்ச்சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. அச்சிக்கலைப் பிரித்துப் பார்த்தால் பொருளும் தெளிவாகும் என்பது என் எண்ணம்.

முதலில் காற்றாலை காற்றுக்கு என்ன செய்கிறது என்று காண்போம். காற்றின் ஆற்றலை எடுப்பது என்றால் அதன் வேகத்தைக் குறைப்பது என்றே பொருள். வேகம் முழுவதையும் எடுத்துவிட்டால் காற்று அங்கேயே நின்றுவிடும். பின்னால் வரும் காற்றுக்கு வழியிராது. ஆகவே ஓர் எல்லைக்கு மேல் எடுக்க இயலாது. அவ்வெல்லை 27இல் 16 பங்கு, அதாவது 59.3 விழுக்காடு என்பதை ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் 1920இல் காட்டினார். எஞ்சிய காற்று மெலிந்தும் சுழன்றும் கலங்கியும் பின்புறம் நீள்கிறது. படகு சென்ற பின் நீரில் நீளும் தடம் போன்றது அது. அதனை இங்கே ‘சுவடு’ என்று குறிப்பேன்.

சுவட்டில் வேகம் சற்றுக் குறைந்தாலும் இழப்புப் பெரிது. காற்றின் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. நொடிக்கு 10 மீட்டராக வீசிய காற்று 9 மீட்டராகக் குறைந்தால் நம் கைக்கு அது ஒரு பொருட்டன்று. காற்றாலைக்கோ 100இல் 27 பங்கு போய்விடும். வகுப்பறையில் இதைச் செய்து காட்டலாம். மேசை மின்விசிறிக்கு முன் காகிதக் காற்றாடி ஒன்றை வைத்து, அதன் பின்னால் இன்னொன்றை முதலில் நெருக்கத்திலும் பிறகு தள்ளியும் வையுங்கள். இரண்டுக்கும் இடையே ஊதுவத்தி ஒன்றைப் பிடித்தால் கலங்கிய காற்றின் உருவமும் தெரியும். மாணவர்கள் ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்வார்கள்.

எவ்வளவு தள்ளி வைத்தால் போதும் என்பதே பொறியாளரின் கேள்வி. தமிழ்நாட்டில் நெடுங்காலம் வழங்கிய விதி எளிமையானது. இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டத்தை அளவாகக் கொண்டு, முதன்மைக் காற்று வீசும் திசையில் அதன் 7 மடங்கும், குறுக்குத் திசையில் 5 மடங்கும் இடைவெளி விட வேண்டும். 27 மீட்டர் விட்டமுள்ள பழைய எந்திரத்துக்கு இது முறையே 189 மீட்டரும் 135 மீட்டரும் ஆகும். விதி நன்று; ஆனால் 7 மடங்குக்கு அப்பால் காற்று முழுவதும் தேறிவிடுமா?

டென்மார்க்கின் ரீசோ ஆய்வகத்தைச் சேர்ந்த ஜென்சன் 1983இல் இதற்கு ஒரு சிறு கணக்கு வகுத்தார். சுவடு கூம்பு போலச் சீராக விரிகிறது. விரிய விரிய வெளிக்காற்று உட்புகுந்து வேகத்தை ஈடுசெய்கிறது. இவ்வளவே அவர் கொண்ட கருத்து. நிலத்துக்குரிய வழக்கமான விரிவளவை இட்டுக் கணக்கிட்டால், 7 விட்டத் தொலைவில் நேர்பின்னே நிற்கும் காற்றாலைக்கு 87 விழுக்காடு வேகம் கிடைக்கும். மும்மடியாக்கினால் திறன் ஏறத்தாழ 65 விழுக்காடு. 5 விட்டத் தொலைவாயின் 55 விழுக்காடே மிஞ்சும். கடலின்மேல் காற்றில் கலக்கம் குறைவு. சுவடு மெல்ல விரியும். அதே 7 விட்டத் தொலைவில் இழப்பு ஏறக்குறையப் பாதியை எட்டிவிடும். காற்று ஆண்டு முழுவதும் ஒரே திசையில் வீசாது என்பதால் ஆண்டுக் கணக்கில் இழப்பு இவ்வளவு இராது. ஆனால் கணவாயில் காற்றின் திசை அதிகம் மாறாது என்பதையும் மறக்கலாகாது.

காகிதமும் எழுதுகோலும் போதும் என்னும்படியான கணக்கு இது. இன்றளவும் பொறியாளர்கள் இதையும் இதன் வழிவந்தவற்றையும் பயன்படுத்துகிறார்கள். இதுவும் ஒருவகை ஒப்புருவாக்கமே. இங்கேதான் சொல்லின் சிக்கலுக்கு வர வேண்டும்.

தமிழில் இக்கருத்துக்கு மூன்று சொற்கள் போட்டியிடுகின்றன. ‘பாவனை’ என்பது ஒன்று. நமக்கு அது நடிப்பையும் போலச் செய்தலையும் நினைவூட்டும்; இலங்கைத் தமிழருக்கோ பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயனாளர். அறிவியல் நூல் இரு நாட்டிலும் வாசிக்கப்பட வேண்டுமாயின் அச்சொல் இடறும். ‘உருவகப்படுத்தல்’ என்பது இரண்டாவது. பரவலாக வழங்குவதும் அதுவே. எனக்கு உடன்பாடில்லாததும் அதுவே. இலக்கணத்தில் உருவகம் என்பது இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது. முகம் மதி போன்றது என்பது உவமை. முகமே மதி என்பது உருவகம். உவமையில் இரு பொருள்களுக்கும் இடையே ஒரு தொலைவு இருக்கிறது. ‘போல’ என்னும் உருபு அத்தொலைவைக் காத்து நிற்கிறது. உருவகத்தில் அது மறைந்துவிடுகிறது. கணினி காட்டும் காற்று காற்றே அன்று, காற்றைப் போன்றது. ஆகவே ‘ஒப்பு’ என்பதை வெளிப்படையாகக் கொண்டிருக்கும் ‘ஒப்புருவாக்கம்’ என்னும் மூன்றாம் சொல்லையே ஆள்கிறேன்.

தொல்காப்பியர் உவமவியலில் ஒப்புமைக்கு நான்கு அடிப்படைகளைக் கூறுகிறார்: வினை, பயன், மெய், உரு. ஒன்றின் செயலைப் போல மற்றொன்று செயற்படலாம், ஒன்றின் பயனைப் போல மற்றொன்று பயன் தரலாம், வடிவால் ஒக்கலாம், நிறத்தால் ஒக்கலாம். புலிபோலப் பாய்ந்தான் என்றால் அவனுக்கு வாலும் வரியும் உண்டா என்று எவரும் தேடுவதில்லை. எந்த வகையில் ஒப்புமை என்று தெரிந்துகொண்டே கேட்கிறோம். இப்பகுப்பு காற்றாலை ஆய்வுக்கு வியப்பூட்டும் வகையில் பொருந்துகிறது. ஜென்சன் கணக்கு பயன் உவமம். எவ்வளவு திறன் கிடைக்கும் என்ற முடிவில் மட்டுமே அது காற்றை ஒக்கும். காற்று அவ்வாறு கூம்பாக விரிவதில்லை. அது நெளிகிறது, அலைகிறது, கிழிகிறது. அவ்வாறு காற்று நடந்துகொள்வதையே காட்ட முயல்வது வேறொரு முறை. அது வினை உவமம்.

அம்முறையின் சுருக்கம் இது. காற்றின் ஓட்டத்தை ஆளும் சமன்பாடுகள் 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்தவை. அவற்றை முழுமையாகத் தீர்க்க இயலாமையே இடர். ஆகவே காற்றுவெளியைச் சிறு அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் வேகம், அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றைக் கணினி நொடிக்கு நொடி கணக்கிடுகிறது. 5 கிலோமீட்டர் நீளமும் 5 கிலோமீட்டர் அகலமும் 1 கிலோமீட்டர் உயரமும் உள்ள வெளியை 10 மீட்டர் அறைகளாகப் பிரித்தால் இரண்டரைக் கோடி அறைகள் கிடைக்கும். அரை நொடிக்கு ஒருமுறை கணக்கிட்டால் ஒரு மணி நேரக் காற்றுக்கு 7,200 சுற்றுகள். மொத்தம் 18,000 கோடி அறைக்கணக்குகள். இத்தனையும் ஒரே ஒரு மணி நேரத்துக்கு!

அப்படியும் 10 மீட்டருக்குக் குறைந்த சுழல்கள் அறைக்குள் அடங்கிக் காணாமற்போகும். வளிமண்டலத்தில் மிகச் சிறிய சுழல் மில்லிமீட்டர் அளவினது. அதுவரை இறங்கிக் கணக்கிட விரும்பினால் அறைகளின் எண்ணிக்கை மேலும் இலட்சம் கோடி மடங்காகும். எந்தக் கணினியாலும் ஆகாது. எனவே பெரிய சுழல்களை நேரே கணக்கிட்டு, சிறியவற்றின் மொத்த விளைவை மட்டும் ஒரு பொதுவிதியால் சேர்த்துக்கொள்கிறார்கள். இதற்கான வழியை ஸ்மகொரின்ஸ்கி 1963இல் வானிலைக் கணிப்புக்காக வகுத்தார்; டியர்டார்ஃப் 1970இலும் அடுத்த ஆண்டுகளிலும் அதைக் கொந்தளிப்பான ஓட்டங்களுக்கும் வளிமண்டலத்தின் அடித்தட்டுக்கும் கொண்டுவந்தார். நம் இலக்கண ஆசிரியர்கள் இயலின் இறுதியில் புறனடை நூற்பா ஒன்று வைப்பார்கள். கூறாதவற்றையும் கூறியவற்றின் வழியில் கொள்க என்பது அதன் கருத்து. சிறு சுழல்களுக்கான பொதுவிதி இம்முறையின் புறனடை. புறனடையில்லாமல் இலக்கணம் நில்லாது. ஆனால் புறனடையின்மீது அதிகப் பாரம் ஏற்றும் இலக்கணத்தை ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 10 மீட்டர் அறைக்குள் இரண்டு மூன்று மீட்டர் அகலமுள்ள இறக்கையை வரைய முடியாது. ஆகவே கணினிக்குள் இருக்கும் காற்றாலைக்கு இறக்கை கிடையாது. கோபுரமும் பெரும்பாலும் கிடையாது. சுழலும் வட்டம் இருக்க வேண்டிய இடத்தில், காற்றைப் பின்னோக்கித் தள்ளும் ஒரு விசை மட்டும் வைக்கப்படுகிறது. நுண்ணிய அறைகளோடு செய்யும்போது இறக்கைக்குப் பதிலாகச் சுழலும் விசைக்கோடுகளை வைப்பர். காற்றாலையின் வடிவு இல்லை, நிறம் இல்லை; அதன் வினை மட்டுமே உள்ளது. வினை உவமம் என்று சொன்னது வெறும் அணிக்காக அன்று. இதழ்களில் நாம் பார்க்கும் சிவப்பும் நீலமுமான அழகிய படங்கள் கணக்கு முடிந்த பிறகு வேகத்துக்கு ஏற்றவாறு தீட்டப்பட்டவை. அவற்றைக் காற்றின் நிழற்படம் என்று மாணவர் கருதிவிட்டால் வினை உவமத்தை உரு உவமமாக மயங்கியவர் ஆவர்.

பெட்டிக்கு ஓரம் உண்டு. காற்றுக்கு ஓரம் இல்லை. இதற்கு ஆய்வாளர்கள் கையாளும் உத்திகளுள் ஒன்று சற்று வேடிக்கையானது. வலப்பக்கம் வெளியேறும் காற்றை அப்படியே இடப்பக்கம் மீண்டும் உள்ளே விடுவார்கள். முடிவில்லாத ஒரு பண்ணையின் நடுவில் நிற்பதைப் போன்ற நிலை உருவாகும். சீரான காற்றுக்கு இது பொருந்தும். நம் நீரிணையில் விடியலுக்கு முன் கறுத்து எழுந்து மலாக்காவையும் சிங்கப்பூரையும் தாக்குகிற, வானிலையாளர் ‘சுமத்ரா’ என்றே பெயரிட்ட சூறைக்காற்றுக்கு இது பொருந்தாது. அதற்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பைக் கணக்கிடும் வானிலை ஒப்புருவாக்கத்துக்குள் இச்சிறு பெட்டியைப் பொதிந்து வைக்க வேண்டும். அப்பெரிய கணக்கின் ஓர் அறை ஒரு கிலோமீட்டர் அல்லது அதற்கும் மேலான அகலமுடையது. அதில் ஒரு காற்றாலைப் பண்ணையே ஓரிரு அறைகளுக்குள் அடங்கிவிடும்.

காற்று எந்த நேரத்துக் காற்று என்பதும் இன்றியமையாதது. நம் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த மூத்தோர் இதை ஏட்டுப் படிப்பு இல்லாமலே அறிவார்கள். ஆட்கள் பெரட்டுக்குக் கூடும் இருட்டு வேளையில், இரப்பர்த் தாள் உலர்த்தும் புகைக்கூடத்தின் புகை மேலெழாது. மரநிரைகளின் தலைமட்டத்தில் தட்டையாகப் படர்ந்து கிடக்கும். வெயில் ஏறிய பின் அதே புகை உருண்டு திரண்டு மேலே போய்க் கலைந்துவிடும். இரவில் தரை குளிர்ந்து, கனத்த குளிர்காற்று கீழே தங்கி, மேலடுக்கோடு கலக்க மறுப்பதே காரணம். பகலில் தரை சூடேறி எல்லாம் கலங்குகிறது. காற்றாலையின் சுவட்டுக்கும் இதே விதிதான். பகலில் கலக்கம் மிகுதியாதலால் சுவடு விரைவில் ஆறிவிடும். இரவில் நெடுந்தொலைவு நீளும். ஜெர்மனியின் வடகடற் பண்ணைகளுக்குப் பின்னால் வானூர்தியில் பறந்து அளந்தவர்கள், அமைதியான வளிநிலையில் சுவடு 70 கிலோமீட்டர் வரை நீண்டதைக் கண்டு 2018இல் வெளியிட்டார்கள். மலாக்காவிலிருந்து மூவாருக்கும் அப்பால் போகிற தூரம் அது. பகற்காற்றை வைத்துச் செய்த ஒப்புருவாக்கத்தை இரவுக்கும் எடுத்துக்கொண்டால் எவ்வளவு பிழைபடும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, இம்முறை கற்றுத்தந்த பெரிய பாடத்தைச் சொல்ல வேண்டும். முன்னும் பின்னும் நிற்கும் காற்றாலைகளைப் பற்றிப் பேசும்போது காற்று ஆற்றுநீர் போலக் கிடையாக வருகிறது, முன்னால் நிற்பவன் மொண்டுகொண்டால் பின்னால் நிற்பவனுக்குக் குறைகிறது என்று எண்ணுகிறோம். பண்ணை சிறிதாயின் இது சரி. மிகப் பெரிய பண்ணையில், நாலைந்து வரிசைக்கு அப்பால், கிடையாக வந்த ஆற்றல் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். ஆயினும் பின்வரிசைகள் நின்றுவிடுவதில்லை. அவற்றுக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? மேலிருந்து. பண்ணைக்கு மேலே விரைந்து செல்லும் காற்றைக் கொந்தளிப்பு கீழே இழுத்துக் கொடுக்கிறது. கலாஃப், மெனவோ, மேயர்ஸ் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஒப்புருவாக்கம், காற்றாலைகள் எடுக்கும் ஆற்றலும் மேலிருந்து இறங்கும் ஆற்றலும் ஒரே அளவினவாக இருப்பதைக் காட்டியது. ஆற்றுநீர்ப் பாசனம் என்று எண்ணியது மழைப் பாசனமாக இருந்தது எனலாம். மழைப் பயிருக்குத் தேவை பரப்பு. நிலத்தின் விலையையும் எந்திரத்தின் விலையையும் சேர்த்துப் பார்த்தால் மிகப் பெரிய பண்ணையில் இடைவெளி 15 விட்டம்வரை இருப்பது நலம் என மேயர்சும் மெனவோவும் பின்னர்க் கணக்கிட்டார்கள். முப்பந்தலின் 7 விட்டத்தோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பின்னால் மட்டுமன்று, முன்னாலும் காற்று மாறுகிறது. பண்ணை என்னும் தடையை அணுகும்போதே காற்று தயங்கி, ஒரு பகுதி மேலும் பக்கமுமாக விலகிச் செல்கிறது. ஜென்சன் கணக்கில் இதற்கு இடமில்லை. கடற்காற்றாலைத் துறையில் முன்னணியில் உள்ள டென்மார்க் நிறுவனமான ஓர்ஸ்டெட், சுவட்டு விளைவையும் இந்த முன்தடை விளைவையும் குறைத்து மதிப்பிட்டு வந்ததாக 2019 அக்டோபரில் அறிவித்துத் தன் உற்பத்தி மதிப்பீடுகளைக் குறைத்துக்கொண்டது.

ஒப்புருவாக்கம் சரியா என்பதை எதைக் கொண்டு அறிவது? அளந்துதான். 2008 பிப்ரவரியில் டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் கடற்பண்ணையில் ஒரு காலை, ஈரக்காற்று குளிர்ந்து, ஒவ்வொரு காற்றாலையின் பின்னாலும் சுவடு வெண்பனியாகக் காட்சி தந்தது. வானிலிருந்து எடுத்த அந்த நிழற்படம் உலகெங்கும் பரவியது. அது அருமையான தற்செயல். அன்றாட உழைப்பு வேறு. கோபுரம் நட்டு ஆண்டுக்கணக்கில் குறித்துவைப்பது. இந்தியாவில் அவ்வுழைப்பின் முதற்பெயர் அன்னா மணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, இந்திய வானிலைத் துறையில் கருவிப் பிரிவை வளர்த்த அம்மையார், ஓய்வுக்குப் பின் நாட்டின் காற்று வளத்தைத் தொகுக்கும் பணியை மேற்கொண்டார். 1983இல் அதன் தொகுப்பு நூல் வெளிவந்தது. எங்கே காற்றாலை நடலாம் என்று இந்தியா அறிந்தது அத்தகைய அட்டவணைகளிலிருந்து. இன்று சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனமும், கயத்தாற்றில் உள்ள அதன் சோதனை நிலையமும் அவ்வழியில் வந்தவை. வண்ணப் படம் காட்டும் கணினிக்குக் கிடைக்கும் புகழில் பத்தில் ஒரு பங்கேனும் காற்றளவு குறித்தவர்களுக்குக் கிடைத்திருக்கலாம்.

இனி மக்கள் கேட்கும் கேள்விக்கு வருவோம். காற்றாலை மழையை விரட்டுகிறதா? 2000களின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தின் சாத்தாரா, சாங்கிலி வட்டாரங்களில் மழை பொய்த்தபோது, குன்றுகளின்மேல் புதிதாக எழுந்த காற்றாலைகளே மேகத்தைக் கலைக்கின்றன என்று உழவர் பலர் நம்பினர், எதிர்ப்பும் கிளம்பியது. படித்தவர்கள் இதைச் சிரித்துத் தள்ளினார்கள். சிரித்தது தவறு என்பது என் கருத்து. கேள்வி நேர்மையானது, காற்றாலை வளிமண்டலத்தை மாற்றுகிறது என்பதை மேலே முழுவதும் சொல்லி வந்திருக்கிறோம். எவ்வளவு, எவ்வகையில் என்பதே விடை வேண்டுவது.

சோம்நாத் பைத்யா ராய் என்னும் இந்திய அறிவியலாளரும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2004இல், அமெரிக்கச் சமவெளியில் பத்தாயிரம் காற்றாலைகள் நின்றால் என்ன ஆகும் என்று ஒப்புருவாக்கம் செய்தார்கள். விடியலுக்கு முன்னான நேரத்தில் தரையோரக் காற்று சற்றுச் சூடேறி உலர்வதாகக் கணக்கு காட்டியது. புதிய வெப்பம் பிறக்கவில்லை. மேலே தங்கியிருந்த வெதுவெதுப்பைக் காற்றாலை கலக்கிக் கீழே இறக்குகிறது. படிந்து கிடந்த புகையை ஒருவர் முறத்தால் விசிறிக் கலைப்பது போன்றது. பின்னர் கலிபோர்னியாவின் சான் கொர்கோனியோ பண்ணையில் 1989இல் எடுத்த பழைய அளவீடுகளை அவர் தேடி எடுத்துப் பார்த்தபோது, இரவில் வெப்பமும் பகலில் குளிர்ச்சியுமாக அதே போக்கு தெரிந்தது. டெக்சாஸ் மாநிலத்துப் பண்ணைகளைத் துணைக்கோள் கொண்டு ஆய்ந்தவர்கள், 2003 முதல் 2011 வரையிலான காலத்தில், சுற்றுப்புறத்தோடு ஒப்பிட இரவில் தரை வெப்பம் பத்தாண்டுக்கு 0.72 பாகை செல்சியசு வரையிலான வீதத்தில் கூடியதாக 2012இல் எழுதினார்கள். அக்காலத்தில் காற்றாலைகளின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே வந்தது. அதனால் வந்த ஏற்றமே அன்றி, முடிவின்றி ஏறிக்கொண்டே போகும் வெப்பம் அன்று.

மழையோ வேறு கதை. மழைமேகம் உருவாவது பல நூறு கிலோமீட்டர் பரப்பில் நிகழும் ஈரப்பத ஓட்டத்தால். நூறு மீட்டரை எட்டாத பழைய எந்திரங்கள் சிலநூறு குன்றுகளில் நின்று பருவமழையைத் திருப்பிவிட இயலாது. 2002இல் இந்தியாவின் பெரும்பகுதியில் பருவமழை பொய்த்தது. காற்றாலையே காணாத மாவட்டங்களும் வறண்டன. மழையில் மாற்றம் காண வேண்டுமாயின் அளவை எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதற்கும் ஓர் ஒப்புருவாக்கம் உண்டு. சகாராப் பாலைவனம் முழுவதையும் காற்றாலைகளாலும் சூரியத் தகடுகளாலும் நிரப்பினால் என்ன ஆகும் என்று 2018இல் கணக்கிட்டார்கள். மழை மாறியது, குறையவில்லை, கூடியது. எனவே சாத்தாரா உழவரிடம் சொல்லத்தக்க விடை இது: உங்கள் வயலின் இரவுப் பனியில் சிறு மாற்றம் இருக்கலாம், அதை அளந்து பார்ப்பது தகும், மழை போனதற்கு எந்திரத்தைக் குற்றம் சொல்வதற்கில்லை. ‘ஒன்றும் ஆகாது’ என்று ஒரேயடியாகச் சொல்லியிருந்தால் முதற்பாதி பொய்யாகியிருக்கும்.

தமிழ்நாட்டில் இப்போது இக்கேள்விகளுக்கெல்லாம் அவசரம் வந்திருக்கிறது. பழைய சிறு எந்திரங்களை அகற்றிப் பெரியவற்றை நடுவதற்கும் ஆயுளை நீட்டிப்பதற்கும் மாநில அரசு 2024இல் கொள்கை வெளியிட்டது. 27 மீட்டர் விட்டம் போய் 130 மீட்டர் விட்டம் வந்தால், அதே விதிப்படி 7 மடங்கு என்பது 189 மீட்டரிலிருந்து 910 மீட்டராகிறது. ஒரு பெரிய எந்திரத்துக்கு வேண்டிய வெளிக்குள் பழைய எந்திரங்கள் பல நிற்கும்; அவை பலருக்குச் சொந்தம், அவர்களுள் நூற்பாலைக்காரர்களும் உண்டு. நிலத்துக்குப் பட்டா உண்டு. அதன்மேல் வரும் காற்றுக்குப் பட்டா இல்லை. முன்னால் ஒருவர் பெரிதாக நட்டால் பின்னவரின் இழப்பை மதிப்பிடும் அறிக்கை ஒப்புருவாக்கத்திலிருந்தே வரும்; இருதரப்பும் தத்தம் அறிக்கையோடு வரவும் கூடும். ஒன்று பகற்காற்றை எடுத்துக்கொண்டிருக்கும், மற்றது இரவுக்காற்றை. ஒன்று முன்தடையைச் சேர்த்திருக்கும், மற்றது விட்டிருக்கும். இரண்டு படமும் ஒரே அழகோடு அச்சாகியிருக்கும். படத்தின் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் அறையின் அளவு, காற்றின் நேரம், ஓரத்தில் கையாண்ட உத்தி, ஒப்பிட்ட அளவீடு ஆகியவற்றைத் தமிழில் கேட்கவும் தமிழில் விளக்கவும் ஆட்கள் வேண்டும். கலைச்சொல் ஆக்குவோர் உழைப்பு அகராதிக்குள் முடங்கிவிடாமல் பயன்படும் இடம் இது.

இலங்கையின் மன்னார்த் தீவில் 2020 திசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனிப் பண்ணையில் 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட் திறனோடு, தெற்குக் கரையோரமாக வரிசையாக நிற்கின்றன. தென்மேற்குக் காற்று கடலிலிருந்து நேரே வந்து அவ்வரிசையைக் குறுக்காகச் சந்திக்கிறது. அவ்வாறு வீசும் மாதங்களில் அங்கே எதுவும் மற்றொன்றின் சுவட்டில் நிற்பதில்லை.